எஃப்12 அழுத்தினால் தெரிகிற வீடுகள்

இணையதளங்களைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் இருப்பவளுக்கு, இருட்டிய பிறகு வீட்டுக்குள் ஒரு சத்தம் கேட்டால், அது வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறதா என்பதே முதல் சந்தேகம். எனக்கு அந்தச் சந்தேகம் வருவதற்கு ஒரு வருஷம் பிடித்தது. அதற்கு முன்னால் பயம் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

மதுரையில் ஒரு சின்னக் கம்பெனி எங்களுடையது. சுற்றுவட்டாரத்துக் கடைக்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறோம். செய்வது முருகவேல். அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பது நான், பழங்காநத்தத்தில் எங்கள் மாடி வீட்டில் உட்கார்ந்தபடி. எங்கள் இரண்டு பேருக்கும் மேலதிகாரி ஷாஹினா அக்கா. என் மகள் மகிழுக்கு ஒன்றரை வயது. வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை; சனிக்கிழமை வந்து ஞாயிறு ராத்திரி பஸ் ஏறிவிடுவார்.

பிரவுசரில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து எஃப்12 விசையை அழுத்தினால் பக்கவாட்டில் ஒரு பலகை விரியும். டெவலப்பர் டூல்ஸ் என்பார்கள். அந்தப் பக்கம் எதனால் கட்டப்பட்டது, எதை எங்கிருந்து வாங்கியது, எங்கே தடுக்கி விழுந்தது எல்லாம் அதில் தெரியும். கான்வென்ட்டில் படித்தவள் நான். அடுத்தவள் டெஸ்கைத் திறந்து பார்ப்பது பாவம் என்று பன்னிரண்டு வருஷம் சொல்லி வளர்த்தார்கள். வேலையில் சேர்ந்த முதல் நாளே அடுத்தவர் டெஸ்கைத் திறக்கச் சொன்னார்கள். நீங்களும் புதிதாக இந்த வேலைக்கு வந்து, அந்தப் பலகையைப் பார்த்ததும் சட்டென்று மூடியிருந்தால், நாம் ஒரே பெஞ்சு.

கனைப்பு

சேர்ந்த மாதம். ஏழரை மணி இருக்கும். மகிழ் அன்றைக்கு அபூர்வமாகச் சீக்கிரமே தூங்கிவிட்டாள். நான் சோழவந்தானில் ஒரு வெற்றிலை மொத்த வியாபாரியின் தளத்தைத் திறந்து வைத்துவிட்டு, அடுப்படியில் பால் ஆற்றிக்கொண்டிருந்தேன். கூடத்தில் ஒரு ஆம்பளை தொண்டையைக் கனைத்தார். கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடியும் கனைப்பு, இந்தத் தடவை சாவகாசமாக, சோபாவில் உட்கார்ந்திருக்கிறவர் கனைக்கிற மாதிரி. தோசைக் கரண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். கட்டிலடி, பாத்ரூம், பீரோவுக்குப் பின்னால், எல்லா இடமும் பார்த்தாயிற்று. மூன்றாவது கனைப்பு என் லேப்டாப்பிலிருந்து வந்தது.

பிரவுசர் டேப்பின் ஓரத்தில் சின்னதாக ஒலிபெருக்கிப் படம் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பக்கத்தின் மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் கொடுத்தால் எலிமென்ட்ஸ் என்ற பகுதி வரும். பக்கத்தின் எலும்புக்கூடு அது. அதில் ஆடியோ என்று தேடினேன். கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாதே, ஆனால் திரும்பத் திரும்பப் பாடு என்று எழுதியிருந்தது. நான் பக்கத்தில் ஏதோ ஒரு இடத்தைக் கிளிக் செய்ததும் அது ஓடத் தொடங்கியிருக்கிறது. ஒலி குறைவாக வைத்திருந்ததால் அதில் பதிந்திருந்த வரவேற்புரை கேட்காமல் கனைப்பு மட்டும் கேட்டிருக்கிறது. மறுநாள் வியாபாரிக்குப் போன் செய்து கேட்டேன். அவர் சங்கடப்படவே இல்லை. "அது நான்தாம்மா. மூணு தடவை ரெக்கார்டு பண்ணோம், இதுலதான் கம்மியா கனைச்சேன்."

தலைப்பு போயிற்று

அதே எலிமென்ட்ஸில் எந்த எழுத்தின் மேலும் இரண்டு முறை தட்டினால் அதை மாற்றலாம், அழிக்கலாம். இது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஒரு நகைக்கடைத் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகிழ் மடியில் ஏறி விசைப்பலகையில் கையை வைத்தாள். கடையின் பெயர், முகப்பு, வளையல் படம் எல்லாம் ஒரே நொடியில் காணாமல் போயின. வெள்ளைத் திரை. முகூர்த்த சீசன் வேறு. எத்தனை கல்யாண வீட்டுக்காரர்கள் இந்த நிமிஷம் அந்தத் தளத்தைத் திறந்து வெறும் வெள்ளையைப் பார்க்கிறார்களோ!

ஷாஹினா அக்காவைக் கூப்பிட்டு அழுதேன். வேலையை விட்டுவிடுகிறேன், கடைக்காரரிடம் நானே மன்னிப்புக் கேட்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். அவர் ரீஃப்ரெஷ் பண்ணச் சொன்னார். பண்ணினேன். வளையல் உட்பட எல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்தன. அந்தப் பலகையில் நாம் எதை மாற்றினாலும் அது நம் பிரவுசருக்கு வந்த பிரதியில் மட்டும்தான். தளம் அதன் சர்வரில் அப்படியே இருக்கும். இதை எனக்கு அக்கா விளக்கிய விதம் வேறு. "நீ உன் வீட்டுக் கண்ணாடியத் துடைச்சுட்டு, ஊருல எல்லாரு மூஞ்சியும் அழிஞ்சு போச்சுன்னு அழுவுறடி நித்யா."

யாரு அங்க?

அடுத்த பகுதி கன்சோல். பக்கம் எங்கே தடுக்கினாலும் அங்கே சிவப்பில் ஒரு வரி விழும். சிவப்பு மையைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். அது பள்ளிக்கூடத்து வியாதி. ஆனாலும் சிவப்பு வரியாவது பரவாயில்லை. டி. கல்லுப்பட்டி பக்கத்தில் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடையின் தளத்தைச் சோதித்தபோது, "கூடையில் சேர்" பொத்தானை அழுத்தினேன். கன்சோலில் கறுப்பு எழுத்தில், பேச்சுத் தமிழில், ஒரு வரி வந்தது: யாரு அங்க? கையை எடுத்துவிட்டேன். கொஞ்சம் தைரியம் வந்து இன்னொரு தடவை அழுத்தினேன். மறுபடியும்: யாரு அங்க? லேப்டாப்பை மூடிவிட்டு, ஜன்னலையும் மூடினேன். ஜன்னலை எதற்கு மூடினேன் என்று கேட்காதீர்கள்.

பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்க, செய்பவர்கள் இப்படி ஒரு வரியைக் கன்சோலில் எழுத வைப்பார்களாம். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். முருகவேல் எடுக்க மறந்திருக்கிறான். உயிர் போய் உயிர் வந்ததை அவனிடம் சொன்னேன். "ஹலோ, ஹலோன்னே எம்புட்டு நாளைக்குப் போடுறது, அக்கா? எனக்கும் போரடிக்குதுல்ல?"

பதினாலு எம்.பி. தக்காளி

எழுமலையில் விதைக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. அவர் தளம் அவர் ஊரில் திறக்கவில்லை. எனக்கு இங்கே திறக்கிறது என்று சொன்னேன். பாவிகளா, இந்த வாக்கியத்தை மட்டும் ஒருநாளும் சொல்லிவிடாதீர்கள். அவர் குரல் ஏறிவிட்டது. "அப்ப நான் பொய் சொல்றேனா? உங்க வீடு எங்கன இருக்கு, அட்ரஸச் சொல்லும்மா, நேர்ல வாரேன், வந்து காட்டுறேன்" என்றார். வேலைத் தொல்லை வீட்டு வாசலுக்கே வந்துவிடும் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. விலாசம் சொல்லாமல் எப்படியோ சமாளித்துப் போனை வைத்தேன்.

நெட்வொர்க் என்ற பகுதி, பக்கம் திறக்கும்போது எந்தெந்தச் சாமான் எந்த எடையில் வந்து இறங்குகிறது என்று வரிசையாகக் காட்டும். சிக்னல் குறைந்த போன் மாதிரி வேகத்தைக் குறைத்தும் பார்க்கலாம். குறைத்துவிட்டு ரீஃப்ரெஷ் கொடுத்தேன். மகிழுக்குச் சோறு ஊட்டி வாய் துடைத்துவிட்டு வந்தபோது தக்காளியின் காம்பு மட்டும் வந்திருந்தது. ஒரே படம், பதினாலு எம்.பி. அந்த மாதிரி இன்னும் முப்பது காய்கறி வரிசையில் நிற்கின்றன. அண்ணாச்சி கேமராக்காரரை வைத்து எடுத்து, சுருக்காமல் ஏற்றச் சொல்லியிருக்கிறார். சுருக்க வேண்டும் என்று பயந்து பயந்து சொன்னேன். "பெருசாப் போட்டாத்தானேம்மா தூரத்துல இருக்குறவனுக்கும் தெரியும்?"

சோதனைக்கு ஒரு வீடு

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. இனிமேல் சொல்வது இந்த இரண்டு மூன்று வாரத்தில் நடந்தது.

வேலைக்குப் போகிற பெற்றோரின் பிள்ளைகளை, பகலில் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற பெண்களுக்காக ஒரு தளம். கடை வைத்திருக்கிற பாஸ்கர் சார் என்பவருக்காகச் செய்தோம். பெண்கள் பெயர், தெரு, கதவு எண், போன் எண்ணோடு "வீட்டில் வேறு பெரியவர்கள் இருக்கும் நேரம்" என்பதையும் பதிய வேண்டும். பிள்ளையை விடுகிறவர்கள் கேட்பார்களாம். ஆனால் திரையில் பெயரின் முதல் எழுத்தும் ஏரியாவும் மட்டும்தான் வரும். மற்றது பாஸ்கர் சாரோடு சரி. படிவத்தைச் சோதிக்க நான் வழக்கம்போல டெஸ்ட், ஒன்று இரண்டு மூன்று என்று போட்டேன். ஏற்கவில்லை; நிஜப் போனுக்கு ஓ.டி.பி. வந்தால்தான் பதியும். நம் வேலையில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். என் பெயர், என் தெரு, என் கதவு எண், என் போன். வேறு பெரியவர்கள் இருக்கும் நேரம்: சனி, ஞாயிறு. திரையைப் பார்த்தேன். "நி., பழங்காநத்தம்" என்று மட்டும் வந்தது. சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தளம் திறக்கப்பட்டது. ஒரே வாரத்தில் நாற்பத்தொரு பெண்கள் பதிந்தார்கள்.

பக்கம் கொஞ்சம் மெதுவாக இருக்கிறது என்று யாரோ சொன்னதால்தான் நெட்வொர்க்கைத் திறந்தேன். பட்டியலைக் கொண்டுவருகிற வரியைத் தொட்டு, ரெஸ்பான்ஸ் என்பதைத் தட்டினேன். சர்வர் அனுப்பியது என்ன என்று அதில் அப்படியே தெரியும். நாற்பத்தொரு பெண்களின் முழுப்பெயர், தெரு, கதவு எண், போன், ஒத்தையில் இருக்கிற நேரம், எல்லாம் வந்து இறங்கியிருந்தது. அதிலிருந்து முதல் எழுத்தையும் ஏரியாவையும் மட்டும் எடுத்துத் திரையில் காட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். எடுக்க மறந்த என் சோதனைப் பதிவும் சேர்த்து நாற்பத்திரண்டு. எஃப்12 தெரிந்த எவனும், திங்கள் முதல் வெள்ளி வரை இந்த வீட்டில் நானும் பிள்ளையும் மட்டும்தான் என்று வாசிக்கலாம். இதற்குத்தான் சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். என் பதிவை உடனே நீக்கச் செய்துவிட்டு, தளத்தை இப்போதே நிறுத்த வேண்டும் என்று பாஸ்கர் சாரிடம் சொன்னேன். அவர் ஊரெல்லாம் நோட்டீஸ் கொடுத்திருந்தார். "ஸ்கிரீன்ல தெரியாததை எவம்மா பாக்கப்போறான்?"

மூன்றரை மணி

மறுநாள் பட்டப்பகல், மூன்றரை மணி. மகிழ் தரையில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். தெரியாத எண்ணிலிருந்து போன். மரியாதையான குரல். "வணக்கங்க, பாப்பா பாத்துக்குறீங்களாமே?" என்றது. இல்லைங்க, தப்பான நம்பர் என்றேன். "நித்யாதானே?" என்றது. என் எண் எப்படிக் கிடைத்தது, சைட்டில் நம்பர் போடுவதில்லையே என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்டது என் முட்டாள்தனம். நான்தான் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு.

மகிழ் ஒரு டம்ளரைத் தட்டிவிட்டாள். அது உருண்டு சுவரில் மோதுகிற வரைக்கும் அவன் பேசவில்லை. பிள்ளை இருப்பதை உறுதி செய்துகொள்கிறானோ என்று நினைத்ததும் அவளைத் தூக்கிக்கொண்டேன். பிறகு அதே மரியாதையோடு கேட்டான். "வீட்டுக்காரரு சனிக்கெழமதானே வாராரு?"

பாஸ்கர் சார் வாசித்தது

ஷாஹினா அக்காவிடம் சொன்னேன். "யா அல்லா" என்றார். அந்த எண்ணைக் கொடுத்துப் போலீசில் புகார் எழுத வைத்தார். பிறகு, "அந்தப் பாஸ்கர் சாருகிட்ட நீ எம்புட்டுச் சொன்னாலும் ஏறாது. அவரையே தெறக்க வையி" என்றார். பாஸ்கர் சாருக்குப் போன் செய்தேன். கடையில் இருந்தார், முன்னால் கம்ப்யூட்டர். சார், உங்கள் தளத்தைத் திறங்க, எஃப்12 அழுத்துங்க என்றேன். மேலே நெட்வொர்க் என்று இருக்கும், தொடுங்க. காலியாக இருக்கிறதா? பலகை திறந்த பிறகு நடப்பதைத்தான் அது குறித்து வைக்கும், அதனால் பக்கத்தை ரீஃப்ரெஷ் பண்ணுங்க. வந்த வரிகளில் லிஸ்ட் என்று இருப்பதைத் தொடுங்க. வலது பக்கம் ரெஸ்பான்ஸ்.

"ஏதோ எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்மா" என்றார். முதல் ஆள் யார் என்று வாசியுங்கள் சார் என்றேன். முதலில் பதிந்தவர் அவர் மனைவி. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் வாசிக்கச் சொன்னேன். கொடூரம்தான், ஆனால் வேறு வழி தெரியவில்லை. அவர் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். பெயர். கதவு எண். தெரு. போன். "வீட்டில் வேறு பெரியவர்கள் இருக்கும் நேரம், இரவு ஒன்பதுக்கு மேல்" என்பதை இரண்டு தடவை வாசித்தார். பின்னால் கடையில் யாரோ ஏதோ விலை கேட்டார்கள். "அம்மா, அவ இப்ப வீட்டுல ஒத்தையிலதான் இருக்கா."

நாற்பத்தொரு போன்

பத்து நிமிஷத்தில் தளம் நிறுத்தப்பட்டது. முருகவேல் ராத்திரிக்குள் சரி செய்தான். இப்போது சர்வர் அனுப்புவதே முதல் எழுத்தும் ஏரியாவும் மட்டும்தான். இருபது தடவையாவது ரெஸ்பான்ஸைத் திறந்து பார்த்திருப்பேன். ஆனால் போனது போனதுதான். பட்டியல் எத்தனை முறை வெளியே போயிற்று என்று சர்வர் குறிப்பில் இருக்கிறது. அதை வாசித்தது யார் என்று இல்லை. அந்தப் பெண்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்றேன். சொன்னால் கடையை மூட வேண்டியதுதான் என்றார் பாஸ்கர் சார். மூடிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை, அந்தத் தைரியமெல்லாம் எனக்குக் கிடையாது. அவர் வீட்டம்மாதான் சொன்னார்களாம். ஷாஹினா அக்கா பாதி, நான் பாதி என்று பிரித்துக்கொண்டோம்.

பெண்களே, போனை எடுத்து "உங்க விலாசம் வெளியே போயிருச்சுங்க" என்று சொல்லிப் பாருங்கள். மொத்த மதுரைக்கும் கெட்ட சேதி கொண்டுபோகிற வேலை அது. செல்லூரில் ஒருத்தி நன்றி சொன்னாள். ஒருத்தி, ஏமாற்றுக் கும்பல் என்று நினைத்து வாய்க்கு வந்தபடி திட்டினாள். வில்லாபுரத்தில் ஒருத்தி, தனக்கும் அப்படி ஒரு போன் வந்தது, வீட்டில் சொன்னால் தொழிலை விடச் சொல்வார்கள் என்று சொல்லவில்லை என்றாள். அவளையும் புகார் கொடுக்க வைத்தோம். கடைசியாகப் பேசியவள் ஆனையூர்க்காரி. பேசாமல் முழுக்கக் கேட்டாள். கதவு எண்ணை மாற்ற முடியாது, போன் எண்ணையாவது மாற்றுங்கள், பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள் என்றெல்லாம் சொல்லி முடித்தேன். "சரிங்க. அப்ப நீங்களும் அவன் பாத்த எடத்துலதானே என்னையப் பாத்தீங்க?"

அந்தப் போனை வைத்துவிட்டு, இதோ, எழுதிக்கொண்டிருக்கிறேன். மகிழ் தூங்குகிறாள். வாசல் கதவு பூட்டித்தான் இருக்கிறது, ஆனால் தாழ்ப்பாள் போடவில்லை. பிள்ளை பிறந்ததிலிருந்தே போடுவதில்லை. ராத்திரி எனக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், கீழ் வீட்டம்மா தன்னிடம் இருக்கிற சாவியால் திறந்து வந்து பிள்ளையைத் தூக்க வேண்டுமே என்ற பயம். அந்தப் பயத்தையும், போனில் கேட்டவன் வந்து நிற்பானோ என்ற பயத்தையும் ஒரு வாரமாகத் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பக்கத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லிக்கொடுக்கிற இந்த வேலையில் ஒரு வருஷம் இருந்து நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது, இப்போது எழுந்து போய் வாசல் கதவின் மேல்தாழ்ப்பாளையும் கீழ்த்தாழ்ப்பாளையும் உள்ளே இருந்து போட்டுவிட்டு வந்தேனே, அது ஒன்றுதான்.